இடைவழியில் நிற்கும் கார்

"ஆரோ வேணுமெண்டு செய்யினம், பிள்ளை," என்றார் உருத்திரமூர்த்தி. கார்த் திறப்பை மேசையில் வைத்தவர், அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. சுவிஸின் பாடன் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் அந்தக் கராஜில் பவதாரணி பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்தவள். வாகனங்களின் மின்வேலை படித்து, இப்போது முப்பத்தெட்டு வயதில் அந்தக் கராஜின் மின்வேலை முழுவதும் அவள் பொறுப்பில். முதலாளி வெர்னர் என்ஜினையும் சில்லையும் பார்ப்பார். வயர் என்று வந்தால் அவளைக் கூப்பிடுவார். தமிழ் ஆட்கள் கார் கொண்டுவந்தால் நேரே அவளிடம் வருவார்கள். உருத்திரமூர்த்தியும் அப்படித்தான் வந்திருந்தார். அறுபத்துமூன்று வயது. எண்பத்தாறில் டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவத் தொடங்கி, பிறகு பாடன் ஆஸ்பத்திரியின் சமையலறைக்கு வந்து, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வுக்குப் போகப்போகிறவர். சிக்கனக்காரர் என்று பெயரெடுத்த மனிதர். அப்படிப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று அறுபத்தெட்டாம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கியபோது கோயிலடியில் எல்லோரும் வியந்தார்கள். கரும்பச்சை நிறம், இரண்டு கதவு, உருண்டை விளக்குகள். மாதத்தில் இரண்டு ஞாயிறு பழங்கார் சங்கக் கூட்டத்துக்குப் போகிறாராம் என்று பேச்சு.

மாசி மாதத்திலிருந்து கார் ஓட ஓட நிற்கிறது. முன்னறிவித்தல் எதுவும் இல்லை. இருமாது, திணறாது, விளக்கை அணைத்த மாதிரி நிற்கும். பத்து நிமிடம், சில நாள் அரை மணித்தியாலம் ஓரத்தில் நின்றால், ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி ஓடும்.

"மேல்வீட்டுக்காரன் ஒருத்தன் ரெண்டு தரம் வந்து காரை விக்கிறீங்களோ எண்டு கேட்டவன். நான் இல்லையெண்டிட்டன். அதுக்குப் பிறகுதான் இது துவங்கினது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இல்லாட்டில் போன வருசம் பரிசோதனைக்குக் குடுத்த இடத்திலை ஏதாவது செய்திருக்கவேணும். டாங்கிக்குள்ளை சீனி போடுவினமாமே?"

"சீனி போட்டால் பிறகு ஓடாது, அண்ணை. எவ்வளவு நேரம் ஓடினாப் பிறகு நிக்குது?"

"ஒரு மணித்தியாலம். சிலவேளை ரெண்டு."

"சங்கக் கூட்டம் எங்கை நடக்கிறது?"

"சூரிச் பக்கம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சில நேரம் லூசேர்ண்."

பாடனிலிருந்து சூரிச்சுக்கு அரை மணித்தியாலம் கூட இல்லை. பவதாரணி எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் திறப்பின் மேலிருந்து கையை எடுத்துவிட்டு, பஸ் வருகிறது என்று சொல்லி எழுந்து போனார்.

விட்டு விட்டு வரும் பிழை கராஜுக்குள் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். திங்களும் செவ்வாயும் பவதாரணி அந்தக் காரோடு மல்லுக்கட்டினாள். பழைய என்ஜின் நிற்பதற்குக் காரணம் இரண்டுதான். ஒன்றில் பெற்றோல் வரவில்லை, அல்லது கரண்ட் வரவில்லை. பெற்றோல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தம். டாங்கி மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகிப் பெற்றோல் ஏறாது, துளை திறந்திருந்தது. பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் கொயில் சூடேறினால் செத்துப்போகும் என்று வெர்னர் சொன்னார். அதைக் கழற்றிச் சூடாக்கி அளந்து பார்த்தாள், பிழையில்லை. கராஜுக்குள் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டாள். தையல் மெசின் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. வெர்னர் பக்கத்தில் வந்து நின்று, பார்வையாலேயே அந்தக் காரைத் தடவினார். அவர் அந்தப் பகுதிப் பழங்கார் சங்கத்தில் முப்பது வருடமாக இருப்பவர்.

"இப்படி ஒரு கார் பாடனில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாதே," என்றார் சுவிஸ் ஜெர்மனில். "யாருடையது?"

"உங்கள் சங்கத்துக்கு வருகிறவர்தான்," என்றாள் பவதாரணி.

வெர்னர் இல்லையென்று தலையை ஆட்டினார். "இந்தக் கார் வந்திருந்தால் நான் மறந்திருக்க மாட்டேன்."

அன்று மத்தியானம், முன்சீற்றுக்குக் கீழே வயர் போகும் பாதையைத் தேடிக் கையை விட்டபோது விரல்களில் மென்மையாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரு சின்னக் காலுறை. மஞ்சள் நிறம், கணுக்காலில் வாத்து ஒன்று. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையின் காலுக்கு அளவாக இருக்கும். பின்சீற்றின் மடிப்பில் பிஸ்கட் தூள். இரண்டு இடத்தில் தோல் அழுந்தியிருந்தது. பிள்ளையை இருத்தும் ஆசனம் அடிக்கடி வைத்து எடுத்த தடம் அது. எத்தனையோ கார்களில் அதைப் பார்த்திருக்கிறாள். முன்தட்டுக்குள் வீதி உதவிக்காரர் கொடுத்த துண்டு இருந்தது. பிரெஞ்சில் எழுதியிருந்தது. இடம்: இவெர்டோனுக்குக் கிட்ட, நெடுஞ்சாலை ஓரம். நாள்: பங்குனி மாத ஞாயிறு ஒன்று. ஆட்கள்: ஒருவர்.

சூரிச்சும் இல்லை, லூசேர்ணும் இல்லை. நேரெதிர்த் திசை.

உருத்திரமூர்த்திக்கு இரண்டு பிள்ளைகள். மகள் ரிஷானி சூரிச்சில் வங்கியில் வேலை செய்கிறாள், கலியாணமாகவில்லை. மகன் பானுஜன் ஐந்து வருடத்துக்கு முன்பு வீட்டை விட்டுப் போனவன். அவனைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. கோயிலில் யாராவது தெரியாமல் கேட்டால் தாய் பரமேஸ்வரி எழுந்து வேறு பக்கம் போய் இருந்துவிடுவா. அந்த வீட்டில் குழந்தை இல்லை. பவதாரணி காலுறையை விரித்து, மடித்து, மறுபடி விரித்தாள். அவளுக்குத் தோன்றியதை அவள் விரும்பவில்லை. ஆனால் தோன்றிவிட்டது. அறுபத்துமூன்று வயது, திடீரென்று ஒரு கார், இல்லாத சங்கக் கூட்டம், இரண்டு மணித்தியாலப் பயணம், ஒரு சின்னப் பிள்ளை. காலுறையை மேற்சட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு, அடுத்தவர் வீட்டுப் பொருளை எடுத்தது போலிருந்தது. திருப்பி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

புதன்கிழமை அவள் ஒரு பழைய தந்திரத்தைச் செய்தாள். சின்ன மின்குமிழ் ஒன்றிலிருந்து வயர் இழுத்து, என்ஜின் மூடியின் இடுக்கால் கொண்டுபோய், கொயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் தொடுத்தாள். குமிழை முன்கண்ணாடியில் தன் கண்ணுக்கு நேரே ஒட்டினாள். கார் நிற்கும்போது குமிழ் எரிந்துகொண்டிருந்தால் பிழை பெற்றோலில். குமிழும் அணைந்தால் கரண்டில். இனி அது நிற்கும்வரை ஓட்டவேண்டும். அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையில் ஏறி ஆராவ் வரை போனாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தாள். ஐம்பது நிமிடம் ஓடிவிட்டது. பாரெக் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது அவள் நடு ஓடுபாதையில் இருந்தாள். பின்னால் பெரிய லொறி, இரண்டு பக்கமும் கார்கள். சுரங்கத்தின் மஞ்சள் வெளிச்சம் கண்ணாடியில் ஒவ்வொன்றாக விழுந்து போனது. குமிழ் ஒருதரம் நடுங்கியது. பிறகு அணைந்தது. அதோடு என்ஜின் சத்தமும் இல்லாமல் போனது. அடுத்த கணம் அவளுக்குக் கேட்டது ரயர் உருளும் ஒலியும் லொறியின் ஹோர்னும்தான். அந்த ஒலி சுரங்கம் முழுக்க நிரம்பியது. கிளச்சை மிதித்தாள். பின்பார்வைக் கண்ணாடியில் லொறியின் முகப்பு மட்டும் தெரிந்தது, அதன் ஓட்டுநரின் கைகள் தெரிகிற அளவுக்குக் கிட்ட. வேகம் எண்பதிலிருந்து அறுபதுக்கு இறங்கியது. ஒதுங்க இடமில்லை. அவள் குமிழைப் பார்த்தபடியே இருந்தாள். வீதியில் இருந்த ஏதோ இணைப்பில் சில்லு ஏறி இறங்கியது. கார் ஒருதரம் குலுங்கியது. குமிழ் எரிந்தது. கிளச்சை விட்டாள், என்ஜின் ஒரு உதறலோடு பிடித்துக்கொண்டது.

சுரங்கத்துக்கு வெளியே வந்து முதல் வெளியேற்றத்தில் இறங்கி, மரமொன்றின் கீழ் நிறுத்தினாள். அந்தப் பிஸ்கட் தூள்தான் நினைவுக்கு வந்தது. அவள் இருந்த இடத்துக்கு நேர் பின்னால், அந்த ஆசனம் வைக்கிற இடத்தில், ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

பெற்றோல் இல்லை, கரண்ட். கராஜுக்கு வந்ததும் முன்சீற்றில் மல்லாந்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொடுத்து, கால்களைச் சீற்றின் முதுகில் போட்டுக்கொண்டு, திறப்பு போடும் இடத்திலிருந்து வயரை விரலால் பின்தொடர்ந்தாள். ஒரு சாண் தூரம் வரை எல்லாம் ஐம்பது வருடத் தூசியோடு பழைய வயர். அதற்கப்பால் பச்சை நிறத்தில் ஒட்டும் துணிநாடா சுற்றியிருந்தது. தூசியே இல்லை. நாடாவின் நுனி ஒட்டியிருக்கவில்லை. அரை அங்குலம் உள்ளுக்கு மடித்து, காது மாதிரி விடப்பட்டிருந்தது.

பவதாரணி அப்படியே கிடந்தாள்.

அந்தக் காதை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டில் அரிசிப் பையில், பார்சலில், புத்தக உறையில், எதில் நாடா ஒட்டினாலும் அதன் நுனி அப்படித்தான் மடிந்திருக்கும். அடுத்தமுறை நகத்தால் சுரண்டத் தேவையில்லை என்பான் கீர்த்தனன். அவளுடைய கணவன். தபால் வான் ஓட்டுபவன். சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் கார்களுக்கு ரேடியோவும் கமராவும் பூட்டிக் கொடுப்பான். கலியாணத்துக்கு முன், அவன் அனுப்பிய முதல் பொதியில் அந்த மடிப்பைப் பார்த்துத்தான், யோசனையுள்ள ஆள் என்று அவள் நினைத்தாள்.

காதைப் பிடித்து இழுத்தாள். நாடா சுலபமாகக் கழன்றது. உள்ளே, வயரைக் கடித்து இணைக்கும் மலிவான பிளாஸ்டிக் பிடி ஒன்று. அது பழைய வயரின் இழைகளை அறுத்திருந்தது. மூன்று நான்கு இழைகள்தான் மிச்சம். சூடேறினால் அவையும் விலகும், ஆறினால் தொடும். அந்தப் பிடியிலிருந்து மெல்லிய சிவப்பு வயர் ஒன்று மேலே போய், தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி ஒன்றில் முடிந்தது. பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. கார் எங்கே நிற்கிறது என்று யாருடைய கைபேசிக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சாச்சா?" என்று வெர்னர் தூரத்திலிருந்து கேட்டார்.

"பழைய வயரில் ஒரு வெட்டு," என்றாள். அது பொய் இல்லை.

அன்று மாலை வீட்டில் கீர்த்தனன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து, கறுப்புப் பெட்டியை வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கத்தி நின்றது. அவன் அதை என்னவென்று கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"ஆர் கேட்டது?"

"பரமேஸ்வரி அக்கா."

"என்னெண்டு சொல்லிக் கேட்டவ?"

"மார்கழியிலை, கோயிலிலை வைச்சு. கார் களவு போயிடுமெண்டு பயமாக் கிடக்காம். அண்ணை பிடிவாதமாம், சொன்னால் பூட்ட விடமாட்டாராம்."

"நீங்கள் நம்பினனீங்களோ?"

அவன் வெங்காயத்தின் வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்தான். "இல்லை," என்றான். "ஆனால் அவ கேட்ட விதம் அப்பிடி. என்னாலை மாட்டனெண்டு சொல்லேலாமல் போச்சு. அண்ணை வேலையாலை வர முன்னம் செய்யவேண்டிக் கிடந்தது. அரை மணித்தியாலம்தான். அதுதான் அந்தப் பிடியைப் போட்டனான்."

"இண்டைக்கு பாரெக்குக்குள்ளை கார் நிண்டது. நான்தான் ஓடினனான்."

அவன் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தான். அவன் முகம் வெளிறியதைப் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்துக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது.

"ஆறு மாசம். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் விட்டிருக்கமாட்டீர்."

தண்ணீர்ப் போத்தல் எடுத்துவருவதாகச் சொல்லி, நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கினாள். லிப்டில் போகும்போதே தான் எதற்குப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது போல நடந்தாள். தன்னுடைய சின்ன வெள்ளைக் காரைத் திறந்து, காலையில் செய்த மாதிரியே மல்லாந்து, கைபேசி வெளிச்சத்தை ஸ்டியரிங்குக்குக் கீழே பிடித்தாள். அடுத்தவன் மனைவி கேட்டதற்காக ஒருவனுடைய காருக்குள் இரகசியமாக ஒன்றை வைத்தவனுக்குத் தன் மனைவியின் காருக்குள் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வயர்கள் எல்லாம் கம்பனி கட்டிய மாதிரியே இருந்தன. பச்சை நாடா இல்லை. இன்னும் உள்ளே கையை விட்டாள். எட்டாத இடத்தையும் எட்டிப் பார்த்தாள். இருந்திருந்தால் ஒரு நிம்மதியாக இருந்திருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"கிடைச்சுதோ?"

கீர்த்தனன் கதவடியில் நின்றான். கையில் அவளுடைய கம்பளிச் சட்டை. கீழே குளிரும் என்று எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அவள் எழும்ப முயன்றபோது தலை ஸ்டியரிங்கில் இடித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் சட்டையைக் கார்க் கதவின் மேல் போட்டுவிட்டு லிப்டுக்குத் திரும்பி நடந்தான். லிப்ட் வரவில்லை. அவன் படியால் ஏறிப் போகிற சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

அன்றிரவும் அடுத்த நாள் காலையும் அவர்கள் அவசியமானதைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பரமேஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். பரமேஸ்வரி காலையில் பாடசாலை ஒன்றைத் துப்புரவாக்கிவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவா. உருத்திரமூர்த்தி ஐந்துக்குத்தான் வருவார். கதவைத் திறந்தவ, பவதாரணியைக் கண்டதும் அவளுடைய தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தா.

"அவர் அனுப்பினவரோ?"

"இல்லை அக்கா. அவருக்குத் தெரியாது."

வரவேற்பறையில் இருத்தாமல் குசினிக்குள் கூட்டிப்போனா. பவதாரணி கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்ததும், பரமேஸ்வரி அதை ஒரு துவாயால் மூடினா. வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் மூடினா.

"நேற்றுப் பத்தரையிலிருந்து புள்ளி காட்டேல்லை," என்றா. "நான் பயந்துபோனன்."

"இதாலைதான் கார் நிக்கிறது, அக்கா. இதைப் பூட்டின இடத்திலை வயர் அறுந்துபோச்சு. நேற்று சுரங்கத்துக்குள்ளை நிண்டது. பின்னாலை லொறி."

பரமேஸ்வரியின் கை துவாயின் மேலேயே இருந்தது. நரம்புகள் புடைத்த, இரசாயனத் தண்ணீரில் வெளிறிய கை. அதை எடுக்காமலே சொன்னா: "பங்குனியிலை ஒரு நாள் புள்ளி நடு வீதியிலை நாற்பது நிமிசம் நிண்டது. இவெர்டோனுக்குக் கிட்ட. நான் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். அடிக்கேலாது. அடிச்சால் அவர் கேப்பார், உனக்கு எப்பிடித் தெரியுமெண்டு. நாற்பது நிமிசம். ஆள் உயிரோடை இருக்குதோ இல்லையோ எண்டும் தெரியேல்லை." நிறுத்தினா. "அப்பவும் அடிக்கேல்லை, பார்."

"அக்கா, அண்ணை அங்கை ஆரிட்டைப் போறார் எண்டு..."

"ஆரிட்டைப் போறாரெண்டு எனக்குத் தெரியும்." குரல் திடீரென்று உறுதியானது. "இதைப் பூட்ட முன்னம் நான் வேறை மாதிரித்தான் நினைச்சன். நீயும் இப்ப அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வந்திருக்கிறாய், உன்ரை முகத்திலை எழுதிக் கிடக்கு. புள்ளி லோசானிலை ஒரு வீதியிலை போய் நிண்டது. அந்த வீதியின்ரை பேர் எனக்குப் பாடம். வருசப் பிறப்புக்கு வருசப் பிறப்பு கார்ட் வரும். நான் பிரிக்கிறேல்லை. ஆனால் உறையின்ரை பின்பக்கத்திலை விலாசம் இருக்கும்தானே."

பானுஜன் லோசானில் இருந்தான். அவன் எழுத்துப் பதிவு செய்து மணந்த பெண் போர்த்துக்கல்காரி, அவனைவிட ஆறு வயது மூத்தவள், முன்பு ஒருமுறை மணமுடித்து விலகியவள். ஐந்து வருடத்துக்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு இதே வீட்டு வாசலுக்கு வந்தபோது பரமேஸ்வரி அவர்களை உள்ளே விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால், அவளுக்கு விளங்கட்டும் என்று ஜெர்மனில், வாயில் வரக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னா. பிறகு கணவரைச் சாமியறைக்குக் கூட்டிப்போய், இனி அவனோடு கதைப்பதில்லை என்று சத்தியம் வாங்கினா. இதையெல்லாம் அவவே சொன்னா, வேறு யாரோ செய்ததைச் சொல்வது போல.

"அவர் சத்தியத்தை மீறிப்போட்டாரெண்டு முதல்லை கோவம்தான். பிறகு..." துவாயின் நுனியைத் திருகினா. "ஞாயிறு பத்தரைக்குப் புள்ளி அங்கை போய் நிக்கும். நாலு மணித்தியாலம் அசையாது. நான் இஞ்சை சமைப்பன், உடுப்பு மடிப்பன், போனைப் பக்கத்திலை வைச்சிருப்பன். சாப்பிடுகினம் எண்டு நினைப்பன். ரெண்டரைக்குப் புள்ளி வெளிக்கிட்டு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகும். அங்கை ஒரு மணித்தியாலம். கார் வாங்கின நாளிலிருந்து போறாரெண்டு நினைக்கிறன். எனக்குத் தெரிஞ்சு மார்கழியிலிருந்து. பனியிலையும் போகுது. வளந்த ஆம்பிளையள் ரெண்டு பேர் பனிக்குள்ளை பூங்காவிலை ஒரு மணித்தியாலம் என்ன செய்யிறது?"

பவதாரணி துவாய்க்குக் கீழே மேடாகத் தெரிந்த பெட்டியைப் பார்த்தாள்.

"ஒரு பிள்ளை இருக்கு," என்றா பரமேஸ்வரி. "இருக்குத்தானே? நீ காரைப் பாத்தனி. உனக்குத் தெரிஞ்சிருக்கும். பொய் சொல்லாதை."

"ஓம் அக்கா. இருக்கு." பவதாரணி பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள். "கால் இவ்வளவு."

பரமேஸ்வரி அந்த விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தா. பிறகு எழுந்து, அடுப்படிக்குப் போய், கேத்திலைப் போட்டுவிட்டு, வேறெதையும் எடுக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. தோள்கள் அசையவில்லை. கேத்தில் கொதித்து, தானாகவே நின்றது.

"திருப்பிப் பூட்டித் தா," என்றா திரும்பாமலே. "வயர் அறாத மாதிரி, நல்ல வடிவாப் பூட்டித் தா. உனக்கு ஏலும்தானே? வேறையொண்டும் நான் கேக்கேல்லை."

பவதாரணிக்கு ஏலும். வயரை ஒட்டவைத்து, உறை போட்டு, இன்னும் இருபது வருடம் அசையாத மாதிரிச் செய்யலாம். ஒருவருக்கும் ஆபத்தில்லை. அவர் லோசானுக்குப் போவார், இவ புள்ளியைப் பார்ப்பா, எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். நேற்றிரவு படிகளில் ஏறிப்போன காலடிச் சத்தம் அவளுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாட்டன் அக்கா," என்றாள். "சனிக்கிழமை பத்து மணிக்கு அண்ணை காரெடுக்க வாறார். என்ன பிழை எண்டு கேப்பார். நான் உள்ளதைத்தான் சொல்லவேணும். அவர் தேவையில்லாமல் மேல்வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு திரியிறார். அதுக்கு முன்னம் நீங்களாச் சொல்லுங்கோ."

"வெளியிலை போ," என்றா பரமேஸ்வரி. சத்தமாக இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் வாசலிலும் இந்தக் குரல்தான் வந்திருக்கும் என்று பவதாரணி நினைத்தாள்.

சனிக்கிழமை உருத்திரமூர்த்தி பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. அவரைப் பார்த்த உடனேயே, வீட்டில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று தெரிந்தது. கார் முற்றத்தில் கழுவி நிறுத்தப்பட்டிருந்தது. வெர்னர் உள்ளே இருந்தார். பவதாரணி புது வயரைக் காட்டினாள், அறுந்த பழைய துண்டையும் காட்டினாள். அவர் அந்தத் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, மீதமிருந்த மூன்று இழைகளை எண்ணினார்.

"இது தானா அறுந்ததில்லை."

"இல்லை அண்ணை. ஒரு பெட்டியைப் பூட்ட இந்த இடத்திலை பிடி போட்டிருக்கினம். கார் எங்கை போகுதெண்டு காட்டுற பெட்டி. பூட்டினது என்ரை மனுசன். அது பிழை. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"கீர்த்தனனோ?" அவருடைய முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, குழப்பம். "அவருக்கு என்னோடை என்ன? ஆர் சொல்லிச் செய்தவர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசற்பக்கம் சரளைக்கல் நெரிபட்டது. பரமேஸ்வரி வந்துகொண்டிருந்தா. கோயிலுக்குப் போகும்போது போடும் நீலக் கோட். கையில் ஒரு பெரிய துணிப்பை. அதற்குள் மூடிக் கட்டிய சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்றின் வட்டம் தெரிந்தது. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"நான்தான்," என்றா.

உருத்திரமூர்த்தி மனைவியைப் பார்த்தார், பவதாரணியைப் பார்த்தார், கையிலிருந்த வயர்த் துண்டைப் பார்த்தார்.

"எப்ப துவக்கம்?"

"மார்கழி."

அவர் உதடுகள் அசைந்தன. மார்கழியிலிருந்து எத்தனை ஞாயிறு, எத்தனை பொய் என்று எண்ணுகிறார் போலிருந்தது. சூரிச், லூசேர்ண், சங்கத் தலைவரின் பேச்சு, மழையால் தள்ளிவைத்த ஊர்வலம். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார். அவ பரிமாறிக்கொண்டே கேட்டிருப்பா.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டோ என்னைக் கூட்டம் எப்பிடிப் போச்செண்டு கேட்டனி?" என்றார். "ஒவ்வொரு தரமும்? நான் வெக்கத்திலை செத்துச் செத்துப் பொய் சொன்னனான், பரமேசு. நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"நான் வீதியிலை நிண்டனான். அந்தக் குளிருக்குள்ளை."

"தெரியும்," என்றா பரமேஸ்வரி. "அதையும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவ மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வயர்த் துண்டைப் பவதாரணியின் கையில் திருப்பி வைத்தார். காருக்குள் ஏறி, கதவை அடித்துச் சாத்தி, திறப்பைத் திருப்பினார். என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை வெளுத்து, காற்றில் கலைந்தது.

பரமேஸ்வரி காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து மற்றக் கதவின் பக்கம் நின்றா. இரண்டு வருடத்தில் அவ அந்தக் காரில் ஏறியதில்லை. சங்கக் கூட்டத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று அவர் சொல்லி வைத்திருந்தார். பிடியை இழுத்தா. திறக்கவில்லை. பழைய கார். அந்தப் பக்கக் கதவுக்கு வெளியில் திறப்புத் துளை இல்லை. உள்ளே இருப்பவர் உடம்பைச் சாய்த்து, கையை எட்டிக் கதவுக் கண்ணாடியோரத்தில் இருக்கும் பூட்டுக் குமிழை மேலே இழுத்தால்தான் திறக்கும். அது அவவுக்குத் தெரியாது. இன்னொருமுறை இழுத்தா. பிறகு பிடியில் கையை வைத்தபடியே நின்றா. துணிப்பை மற்றக் கையில் கனத்து, தோளை ஒரு பக்கம் இழுத்தது.

உருத்திரமூர்த்தி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கறுப்புக் குமிழ் கண்ணாடியோரத்தில் இறங்கியபடி இருந்தது. என்ஜின் ஒரு துடிப்பும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.